அன்றாட வேலைப் பயணத்துக்குப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்: எதை எடுப்பது?

ஹாரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் குடியிருப்பது லண்டனின் வடமேற்கு மூலையில் உள்ள ஹாரோவில். வேலை ஹெமல் ஹெம்ஸ்டெட்டில். வாரத்தில் நான்கு நாள் நேரில் போயாக வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 17 மைல். அதில் பாதிக்கு மேல் எம்1 நெடுஞ்சாலையில் ஓடிவிடும். மீதியை ஸ்டான்மோர்ப் பக்கத்துச் சிக்னல்களில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே கழிக்க வேண்டியிருக்கும். 2023 ஆகஸ்ட் 29 அன்று யூலெஸ் (புகை கூடிய வண்டிகளுக்கு நாள் கட்டணம் விதிக்கும் வலயம்) எல்லை லண்டன் முழுவதற்கும் விரிந்ததிலிருந்து என்னுடைய பழைய டீசல் கார் வெளியே எடுத்த நாளுக்கெல்லாம் 12.50 பவுண்ட் கேட்டது. அந்தக் காரை விற்றுவிட்டு, உடன் வேலை செய்யும் ஒருவருடைய காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போய்வந்தேன். இப்போது அவர் வேலை மாறிப் போகிறார்.

பள்ளி, கடைகண்ணி, கோயில், ஊரிலிருந்து வரும் உறவினர் என எல்லாவற்றுக்கும் மனைவியின் பெரிய கார் போதும். எனக்கு வேண்டியது என்னையும் ஒரு மடிக்கணினிப் பையையும் சுமக்கும் வண்டி. நான்கு காலி இருக்கைகளை இழுத்துக்கொண்டு இத்தனை ஆண்டு ஓட்டியாயிற்று. இந்த முறை இரண்டு இருக்கைகளுடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். கோயம்புத்தூரில் கல்லூரிக் காலத்தில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் அதே காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது என்கிறார் மனைவி. நான் மறுக்கவில்லை.

கையில் உள்ள தொகை 8,000 பவுண்ட், எல்லாச் செலவும் உட்பட. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டர், போர்ஷே பாக்ஸ்டர், ஹோண்டா எஸ்2000, பிஎம்டபிள்யூ இசட்4 ஆகிய ஐந்தையும் பட்டியலில் வைத்திருக்கிறேன். மனம் பாக்ஸ்டர் பக்கமும் எஸ்2000 பக்கமும் சாய்கிறது. அறிவு எம்எக்ஸ்-5 என்கிறது. என் உயரம் ஆறடி. கார் இரவில் வீட்டு முற்றத்தில், திறந்த வெளியில்தான் நிற்கும். எப்போதாவது என் ஆறு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போக வேண்டிவரும்.

வார இறுதியில் ஓட்டுபவர்களின் புகழுரையை நிறையப் படித்துவிட்டேன். நவம்பர் மாத மழையில், காலை ஏழரை மணிக்கு, இத்தகைய காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களின் அனுபவம்தான் எனக்கு வேண்டும்.


ஸ்பானர்பெட்டி:

தம்பி, நான் இந்நாட்டில் இருபது வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன். கார் வீதியில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் எம்ஓடி சோதனையும் செய்கிறேன். நீங்கள் எந்தக் கார் என்று கேட்கிறீர்கள். நான் காரின் அடிப்பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் உங்கள் தொகைக்குள் வரும் எல்லாக் கார்களும் பத்துப் பதினைந்து குளிர்காலம் உப்புத் தெளித்த வீதிகளில் ஓடியவை.

எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் வந்த முதல் தலைமுறையும் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையும் துருப்பிடிக்கும் விதம் ஒன்றுதான். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகுழாய்கள் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் நிலத்தில் விழ வேண்டும். இலைச் சருகும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே அதை அரிக்கும். ஆங்கிலத்தில் அதைச் சில் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம் என்பதால், என்னிடம் தொலைபேசியில் பேசிய ஒருவர் நான்கு சில்லும் நல்லாய்த்தானே இருக்கு என்று வாதாடியது இன்னும் நினைவிருக்கிறது. வெளியே ஒரு கடுகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கலாம். இரண்டாம் தலைமுறையில் இதோடு முன்பக்கச் சேஸிச் சட்டமும் சேரும். அது பல தகடுகளை அடுக்கிச் செய்த இடம், துரு நடுவில் தொடங்கும். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பின்சக்கர வளைவின் உட்புறத்தையும் அடிச்சட்டகத்தையும் பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் ஒரு டோர்ச்சும் கொண்டுபோங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, இருக்கைப் பட்டை ஏறும் தூணின் அடியில் உள்ள வடிகால் வாயில் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் ஊற்றிய வேகத்தில் கீழே விழுந்தால் நல்லது. ஒரு பக்கம் நின்று நின்று சொட்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஒன்றுமே விழாமல் உள்விரிப்பு ஈரமானால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன்னரே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையத்தளத்தில் எம்ஓடி வரலாறு முழுவதும் காசில்லாமல் வரும். தேர்ச்சியா தோல்வியா என்பதை விட்டுவிட்டு, சோதகர் எழுதிய ஆலோசனைக் குறிப்புகளை வருடவாரியாக வாசியுங்கள். ஒரு வருடம் "துரு தொடங்கியுள்ளது" என்று இருந்து, அடுத்த வருடம் "அடிப்பகுதி முழுவதும் துருத்தடுப்புப் பூச்சால் மூடப்பட்டுள்ளது" என்று வந்தால், யாரோ துருவை நீக்காமல் அதன்மேல் கறுப்பு அடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனோ இருக்கைப் பட்டையோ பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு பலமிழந்திருந்தால் நாங்கள் தோல்வி போடுவோம். ஆனால் எந்த மூடியையும் கழற்றவோ பூச்சைச் சுரண்டவோ எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே எம்ஓடி தேர்ச்சியை அடிப்பகுதிக்கான நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மைல் கணக்கையும் அதே பக்கத்தில் பாருங்கள். இவ்வகைக் கார்களை விற்பவர்கள் குறைந்த மைலைப் பெருமையாகச் சொல்வார்கள். வருடத்துக்கு 500 மைல் ஓடிய காரின் டயர் தேயாமலே கிழடாகியிருக்கும், பின்பக்கப் பிரேக் கலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இறுகியிருக்கும், ரப்பர்ப் புஷ்கள் வெடித்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் (வாரத்தில்) செய்தது. நீங்கள் வருடத்தில் ஆறாயிரம் மைலுக்கு மேல் ஓடப் போகிறீர்கள். ஏற்கெனவே ஓடிப் பழகிய 70,000 மைல் காரை, போர்வைக்குள் தூங்கிய 30,000 மைல் காரைவிட நான் நம்புவேன்.

எஸ்2000 பற்றி ஒரு சொல். அதன் 240 குதிரைத்திறன், எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டினால்தான் முழுதாக வரும். ஸ்டான்மோர் சிக்னலில் அதை எங்கே தேடுவது? நல்ல நிலையில் உள்ள ஒன்று உங்கள் தொகைக்குக் கிடைப்பதும் அரிது. வரி விடயத்திலும் கவனம் வேண்டும். 2006 மார்ச் 23 அன்றோ அதன்பின்னரோ பதிவான எஸ்2000க்கு வீதிவரி வருடத்துக்கு 700 பவுண்டைத் தாண்டும். அதற்கு முதல்நாள் பதிவான அதே காருக்கு மிகவும் குறைவு. புகை அளவு கூடிய பழைய கார் எதுவாக இருந்தாலும் பதிவுப் புத்தகத்தில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். யூலெஸ் தகுதியையும் இலக்கத்தகட்டு எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள், மாடல் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.


எம்4பயணி:

நான் ஸ்விண்டனிலிருந்து ரெடிங்குக்கு எம்4 வழியாக வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். கார் 2016ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5, நான்காம் தலைமுறை, 1.5 லிட்டர் எஞ்சின். நான்கு குளிர்காலம் கடந்துவிட்டது. ஸ்பானர்பெட்டி அண்ணா காரின் அடியைச் சொல்லிவிட்டார். நான் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் ஆறடி என்பதால் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டீயரிங். முதல் மூன்று தலைமுறைகளிலும் ஸ்டீயரிங் நம்மை நோக்கி வராது. நான்காம் தலைமுறையிலும் 2018இல் செய்த மாற்றத்துக்குப் பிறகுதான் அந்த வசதி வந்தது. கால் நீளமானவர்கள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் கை எட்டாது, கைக்காக முன்னுக்கு இழுத்தால் முழங்கால் இடிக்கும். பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தில் உற்சாகம் இதை மறைத்துவிடும். கூரையை மூடிவைத்து, குளிர்கால மேலங்கியும் அலுவலகக் காலணியும் அணிந்தபடி, எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெடல்கள் நெருக்கமானவை. என்னுடைய அகலமான மழைக்காலச் செருப்பு கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர மிதித்த ஒரு நாளுக்குப் பிறகு, ஒல்லியான ஒரு ஜோடி காலணியைக் காரிலேயே வைத்திருக்கிறேன்.

சத்தம் உண்டு. 70 மைல் வேகத்தில் துணிக்கூரையின் கீழ்த் தொலைபேசியில் பேசலாம், ஆனால் எதிர்முனையில் இருப்பவர் "எங்கே, மில்லிலா இருக்கிறாய்?" என்று கேட்பார். இது உங்களுக்கு முக்கியமானால், மூன்றாம் தலைமுறையில் 2006இலிருந்து வந்த மடியும் கடினக்கூரை மாடலைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் 12 விநாடியில் கூரை இருக்கைகளுக்குப் பின்னால் மடங்கிவிடும். டிக்கியின் இடத்தைத் தின்னாது என்பதுதான் அதன் அழகு. மற்ற பல மடிப்புக்கூரைக் கார்களில் கூரையைத் திறந்தால் டிக்கியில் ஒரு சாப்பாட்டுப் பைக்குத்தான் இடம் இருக்கும். எடை 37 கிலோ கூடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எம்1 நெடுஞ்சாலையில் அது உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

டிக்கி என்று சொன்னதால் அளவையும் சொல்கிறேன். மூன்றாம் தலைமுறையில் 150 லிட்டர், என்னுடையதில் 130. விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டிகள் இரண்டு, அல்லது ஒரு வாரத்துக் காய்கறி. பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அது அடிக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்துவதற்காகப் பெல்ட் போட்டுக் கூட்டிவந்திருக்கிறேன். உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சரை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அவை உதவா, எனவே வழியுதவிச் சந்தா அவசியம்.

குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறிய கேபின் என்பதால் மூன்று மைலுக்குள் உள்ளே கதகதப்பாகிவிடும். ஒரு டன்னை ஒட்டிய எடைதான் என்பதால் என் கணக்கில் காலனுக்கு 40 மைலுக்குக் குறைந்ததில்லை. நெரிசலில் கிளட்ச் இலேசானது, முழங்கால் வலிக்காது. லாரிகளுக்குப் பக்கத்தில் போகும்போதுதான் எச்சரிக்கை தேவை. உங்கள் தலை அவர்களுடைய சக்கர மையத்தின் உயரத்தில் இருக்கும். அவர்கள் கண்ணாடியில் நீங்கள் தெரியமாட்டீர்கள் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

மகளைப் பற்றி: ஆறு வயதுக் குழந்தை முன் இருக்கையில் உட்காருவது இங்கே சட்டப்படி சரிதான். 12 வயதோ 135 செ.மீ. உயரமோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை ஏற்ற குழந்தை இருக்கை வேண்டும். பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை இருக்கையை மட்டும், ஏர்பேக் இயங்கும் நிலையில் முன்னால் வைக்கவே கூடாது. உங்கள் மகளுக்கு, பயணி இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். நான்காம் தலைமுறை 8,000 பவுண்டுக்குள் கிடைத்தால் அதிக மைல் ஓடியதாகவோ விபத்தில் அடிபட்டுச் சீர்செய்ததாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.


கண்சிமிட்டி:

மேலெழும் முகப்பு விளக்குகளுக்காகவே முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வாங்கி, ஓராண்டு வேலைக்கு ஓட்டியவன் நான். சொல்ல வேண்டியது இரண்டே. பழைய கார்களுக்கான மலிவுக் காப்பீடு பெரும்பாலும் மைல் வரம்போடு வரும். வேலைக்குப் போய்வருவதை அது ஏற்பதில்லை, அல்லது அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறொரு கார் இருக்க வேண்டும் என்கிறது. எனவே விலை கேட்கும்போதே வேலைப் பயணம் உண்டு என்று சொல்லிக் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் மாற்றிய புகைக்குழாய், தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாவற்றையும் தெரிவித்தாக வேண்டும். இரண்டாவது, துருவில்லாத முதல் தலைமுறைக் கார் இன்று அரிதாகிவிட்டது. அதை உப்பு வீதியில் தினமும் ஓட்டும்போது எனக்கே மனம் கூசியது. விற்றுவிட்டேன். ஓராண்டுக்கான தலைவலி, பத்தாண்டுக்கான புகைப்படங்கள்.


ஹாரோவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்பானர்பெட்டி அண்ணா, தண்ணீர்ப் போத்தல் யோசனை எந்த வாங்குவோர் வழிகாட்டியிலும் என் கண்ணில் படவில்லை. எஸ்2000ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் வரிக் கணக்கைப் பார்த்த பிறகு ஆசை தானாகவே அடங்கிவிட்டது. ஆனால் பாக்ஸ்டரை இன்னும் யாரும் குறை சொல்லவில்லை. என் தொகைக்கு 2000 முதல் 2004 வரையிலான பாக்ஸ்டர்கள் நிறையவே வருகின்றன. முன்னும் பின்னும் இரண்டு டிக்கி, நடுவில் ஆறு சிலிண்டர். அன்றாடத்துக்கு அது உண்மையிலேயே பொருந்தாதா?


இரண்டுடிக்கி:

பொருந்தும். அதுதான் அதன் ஆபத்து. ஐந்தாண்டு ஒரு 2002ஆம் ஆண்டு பாக்ஸ்டரை மில்டன் கீன்ஸிலிருந்து வேலைக்கு ஓட்டினேன். உட்கார வசதி, நெடுஞ்சாலையில் நிதானம், இரண்டு டிக்கிகளிலுமாக ஒரு குடும்பத்தின் பயணப் பெட்டிகள் அடங்கும் இடம். இவற்றில் எம்எக்ஸ்-5 அதன் அருகில் வராது.

எல்லோரும் பேசுவது இடைத்தண்டு பேரிங் பற்றி. 2008 வரை வந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளை இயக்குவதற்கு எஞ்சினின் நடுவே ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் மூடிய பேரிங் தேய்ந்து உடைந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சினே போய்விடும். 2000 வாக்கிலிருந்து 2005 வரை வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் பலவீனமானது என்று பெயர் பெற்றது. 2009இல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. உடையாமல் ஓடியவைதான் மிகப் பெரும்பாலானவை. ஆயினும் கிளட்ச் மாற்றுவதற்குக் கியர்பெட்டியை இறக்கும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது வழக்கம். ஆகவே பார்க்கும் காரில் அது செய்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்றாட ஓட்டத்தில் நான் கற்றது அதைவிடச் சிறிய விஷயம். பாக்ஸ்டரின் மூக்கில் இருபுறமும் காற்றுவாய்கள் இருக்கின்றன. அவற்றின் பின்னால்தான் ரேடியேட்டர்களும் ஏசியின் கண்டென்சர்களும். ஓடும் காரின் வாய்க்குள் இலையுதிர்காலச் சருகுகள் எல்லாம் போய்ச் சேரும். உள்ளே அவை நனைந்து, மட்கி, உப்போடு கலந்து களியாகி அலுமினியத்தை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முன்பம்பரைக் கழற்றிக் கையால் அள்ள வேண்டும். நான் முதல்முறை அள்ளியபோது ஒரு வாளி நிறைந்தது; வீட்டு ரோஜாச் செடிக்குப் போட்டேன். கூரையின் வடிகுழாய்களும் அப்படித்தான். நான் சோம்பலாக விட்ட ஒரு குளிர்காலத்தில் அவை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கையின் அடியில் இருந்த, பூட்டையும் திருட்டு எச்சரிக்கை மணியையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை மூழ்கடித்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தக் கணக்கு முழுவதும் என் பெயரில்தான்.

8,000 பவுண்டுக்கு ஒரு பாக்ஸ்டர் வாங்கலாம். 8,000 பவுண்டுக்கு வாங்கி ஓட்ட முடியாது. 5,500க்கு நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்து, மீதி 2,500ஐ முதல் ஆண்டிலேயே செலவழிக்கத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். கார் கராஜில் இருக்கும் நாள்களில் வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவையுங்கள். எனக்கு அந்நாள்களில் வாசலில் பேருந்து இருந்தது.

பட்டியலில் இருக்கும் மற்ற இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்2 ரோட்ஸ்டர் ஓட்டுவதற்கு அருமையான கார், ஆனால் டிக்கி என்று ஒன்று இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இரு பெட்டிகளும், முன்னால் உபரிச் சக்கரத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான். தொடக்க ஆண்டுகளின் எஞ்சின் எண்ணெய் குடிக்கும். புகைக்குழாயின் தொடக்கத்திலேயே உள்ள முன்வினையூக்கி (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பொடிந்து எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும் அபாயமும் உண்டு. 2002இலிருந்து 2008 வரை வந்த இசட்4இல் கூரையை இயக்கும் மோட்டார், வடிகால் அடைத்தால் தண்ணீர் சேரும் பள்ளத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் திரி முழுக்க வடிகாலைப் பற்றியதாகிவிட்டது, மன்னிக்கவும், வேறு வழியில்லை.


ஹாரோவாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு கார்களைப் பார்த்தேன், இரண்டும் மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5.

முதலாவது 2008ஆம் ஆண்டுக் கார், துணிக்கூரை, 41,000 மைல். கண்ணாடிபோல் மின்னியது, மழையையே பார்க்காத கார் என்றார் விற்பவர். எம்ஓடி வரலாற்றில் கடைசி நான்கு ஆண்டும் ஆண்டுக்கு அறுநூறு மைல்தான். இரண்டாண்டுக்கு முன் பின்பக்க அடிச்சட்டகத்தில் துரு என்ற குறிப்பு. அதற்கடுத்த ஆண்டு, அண்ணா எழுதியது அப்படியே, பூச்சால் மூடப்பட்டுள்ளது என்ற குறிப்பு. குனிந்து பார்த்தேன், தார் ரோடு போல் புத்தம்புதிய கறுப்பு. டயரில் 1914 என்றிருந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம், ஆனால் போத்தலைக் கொண்டுபோய்விட்டதால் ஊற்றிப் பார்க்க ஆசை. இடதுபக்கம் வழிந்தது, வலதுபக்கம் ஊற்றியது கீழே வரவேயில்லை. விற்பவரும் நானும் சிறிது நேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரே உள்ளே கைவைத்து, இருக்கைக்குப் பின்னால் விரிப்பு நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து, கதவைச் சாத்தினார்.

இரண்டாவது, செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு செவிலியருடையது. 2011, இரண்டு லிட்டர், ஆறு கியர், மடியும் கடினக்கூரை, 78,000 மைல். மருத்துவமனைக்கு இரவுப் பணிக்கும் பகல் பணிக்கும் இதில்தான் போய்வந்திருக்கிறார். நான்கு டயரும் ஒரே நிறுவனத்தினுடையவை, மூன்றாண்டுக்குள் செய்தவை. பராமரிப்பு ரசீதுகளைத் தேதி வரிசையில் கோத்து வைத்திருந்தார். வண்ணம் அங்கங்கே கல்லடி பட்டிருந்தது. இடது பின்சக்கர வளைவின் விளிம்பில் ஒரே ஒரு கொப்புளம். தண்ணீர் இரண்டு பக்கமும் சரசரவென்று இறங்கியது. அவர் சிரித்துக்கொண்டே, ஒவ்வோர் அக்டோபரிலும் மெல்லிய நைலான் நூலை விட்டுத் தானே சுத்தம் செய்வதாகச் சொன்னார்.

எம்4பயணி சொன்னபடி மேலங்கியோடு கூரையை மூடிவைத்து இருபது நிமிடம் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்கும் தொடைக்கும் இடையே மூன்று விரல் இடம் இருக்கிறது. தலை கூரையைத் தொடவில்லை. இருக்கையின் உட்பஞ்சைச் சற்றுத் தணித்தால் இன்னும் ஓர் அங்குலம் கிடைக்கும் என்கிறார்கள். சோதனை ஓட்டத்தில், எஞ்சின் குளிர்ந்திருந்தபோது இரண்டாம் கியர் விழச் சற்று முரண்டு பிடித்தது. பத்து நிமிடத்தில் சரியானது. 5,800 கேட்டார், 5,450க்கு முடிந்தது. காப்பீட்டை வேலைப் பயணம் சேர்த்தே எடுத்தேன்.

இரண்டு வாரமாக ஓட்டுகிறேன். வலது பின்பக்கப் பிரேக் சக்கரம் இடதைவிடச் சூடாகிறது. துருத்தடுப்பு எப்போது அடிப்பது என்றும் தெரியவில்லை. இப்போதே அடிக்கவா, கோடை வரை பொறுக்கவா? ஸ்பானர்பெட்டி அண்ணாதான் சொல்ல வேண்டும்.


ஸ்பானர்பெட்டி:

நல்ல காரைத்தான் எடுத்திருக்கிறீர்கள். இரண்டாம் கியர் குளிரில் முரண்டு பிடிப்பது இந்தக் கார்களுக்கு வழமை. கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றியது என்று ரசீதில் பாருங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். சூடாகும் சக்கரத்தில் கலிப்பரின் சறுக்கு ஊசிகள் இறுகியிருக்கும், அல்லது கைப்பிரேக் நெம்புகோல் முழுதாகத் திரும்பி வரவில்லை. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பிரேக் தட்டு வளைந்தால் செலவு இரட்டிப்பாகும். எந்தக் கராஜிலும் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் பூசித் தருவார்கள்.

துருத்தடுப்புக்குக் கோடை வரை பொறுங்கள். ஈரத்தின் மேலும் உப்பின் மேலும் அடித்தால் அந்த முதலாவது கார்தான் உங்களுக்கும். ஏப்ரலில் உப்புத் தெளிப்பு நின்றபின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, இரண்டு வெயில் நாள் ஓட்டிக் காயவிட்டு, ஒளி ஊடுருவும் மெழுகு வகையை அடியுங்கள். கறுப்பு வேண்டாம், உள்ளே நடப்பது உங்களுக்கும் தெரிய வேண்டும், எங்களுக்கும் தெரிய வேண்டும். அந்தக் கொப்புளத்தை மட்டும் இந்தக் குளிருக்கு முன்னரே சுரண்டி, துருமாற்றித் திரவம் தடவி, மேலே வண்ணம் தொட்டுவிடுங்கள். நைலான் நூல் எத்தனை தடிப்பு என்று அந்தச் செவிலியரிடம் கேட்டு இங்கே எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும்.